மஞ்சள் சட்டை வரும்வரை

அவர் அந்த வீட்டு வாசலில் நின்றது உண்மைதான். யார் இல்லை என்றது? காலையில் போய் நின்றவர் பொழுது சாயும்வரை நின்றார். அந்த வீட்டில் ஒரு பெண்மணி தனியாக இருக்கிறாள் என்பதும் உண்மை. திரும்பி வந்தபோது அவர் தோளில் பூப்போட்ட போர்வை ஒன்று கிடந்ததும், அது அவர் வீட்டுப் போர்வை இல்லை என்பதும் உண்மை. இத்தனை உண்மைகளையும் ஒரு பாத்திரத்தில் போட்டுக் கிண்டி முழுப் பொய்யாக இறக்கி வைக்க முடியுமென்றால், அது அந்தக் கட்டிடத்து மாடிப்படியில்தான் முடியும்.

"கூட்டத்தோட வண்டியில போன மனுஷன், அவர் மட்டும் ஏன் பின்தங்கணும்? அதுவும் கரெக்டா அந்த வாசல்ல?" என்று மாடிவீட்டம்மா கேட்டாள். வேறு யாரிடமும் இல்லை, அவருடைய மனைவியிடமே கேட்டாள்.

துணிப்பையோடு படியேறிக்கொண்டிருந்தவள் நின்றாள். "அவரு நின்னா நிப்பாரு. உங்க ஃப்ரிட்ஜ் ரிப்பேரான அன்னிக்கு உங்க அடுப்படியில எவ்வளவு நேரம் உக்காந்திருந்தாரு? அப்ப நான் வந்து உங்களை ஏதாவது கேட்டேனா?"

மாடிவீட்டம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பதில் நல்ல பதில்தான். ஆனால் சொன்னவள் தன் வீட்டுக்குள் போய்ப் பையை வைத்துவிட்டு, அலமாரி மேல் கிடந்த அந்தப் பூப்போட்ட போர்வையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாளே, அதை மாடிவீட்டம்மா பார்க்கவில்லை.

ஃப்ரிட்ஜ்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். மற்ற மெக்கானிக்குகள் வருவார்கள், பின்பக்கம் திறப்பார்கள், விளக்கு எரிந்ததும் கூலியை வாங்கிக்கொண்டு பறந்துவிடுவார்கள். இவர் அப்படியில்லை. வேலை முடிந்ததும் ஒரு டம்ளரில் தண்ணீர் கேட்பார். குடிக்கப் போகிறார் என்று நினைத்துக் கொடுத்தால் அதைக் கொண்டுபோய் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"குளிர் ஏறட்டும். பார்த்துட்டுப் போறேன்."

வீட்டுக்காரர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். சமைக்க வேண்டும், குளிக்க வேண்டும். ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுவதற்காகவே இவர் எப்போது கிளம்புவார் என்று காத்திருந்து, கடைசியில் என்னத்துக்குச் சண்டை என்பதே மறந்துபோய்ச் சேர்ந்து தூங்கிவிட்டார்களாம். இவர் அசையமாட்டார். அவ்வப்போது காதை ஃப்ரிட்ஜின் விலாவில் வைத்துக் கேட்பார். டம்ளர் தண்ணீரின் மேல் மெல்லிய பனியாடை படர்ந்ததும் விரல் நுனியால் அதைத் தட்டி உடைப்பார். "ஆச்சு" என்பார். அப்புறம்தான் பையை எடுப்பார்.

இந்த மனிதர் வீட்டு ஃப்ரிட்ஜ் எப்படி இருக்கும் என்கிறீர்கள்? அது உறுமும், குலுங்கும், ராத்திரியில் யாரோ கதவை இடிப்பதுபோல் ஒரு சத்தம் போடும். அவளும் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டாள். "அது பாட்டுக்கு ஓடுது, விடு" என்பார்.

எந்நேரமும் பனிக்கட்டியோடு பழகுவதால் அவர் கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். அவர் கன்னத்தைக் கிள்ள வருகிறார் என்றாலே கட்டிடத்துக் குழந்தைகள் ஓட்டம் பிடிக்கும். அவர் மனைவிக்குச் சலவைக்கடையில் இஸ்திரி போடும் வேலை. நாள் முழுக்க ஆவியிலும் சூட்டிலும் நிற்கிறவள். மாலையில் இருவரும் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது, அவளுடைய இரண்டு கையையும் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொள்வார். அன்பு என்று நினைத்துவிடாதீர்கள். சூடு காய்கிறார். "அடுப்பா நானு?" என்று அவள் திட்டுவாள். திட்டுவாளே தவிர கையை இழுத்துக்கொண்டதில்லை. போன குளிர்காலம் வரைக்கும்.

குளிர் என்றால் ஆகாத மனிதர், குளிர் உச்சத்தில் இருக்கும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மோட்டார் சைக்கிள் கூட்டத்தோடு மலை ஏரிக்குக் கட்டாயம் போவார். ஏன் என்று கேட்டால், "குளிர்லதான் வண்டி நல்லா மூச்சு விடும்" என்பார். இவர் மூச்சு விடுவது பெரும் பாடு, அது வேறு விஷயம். இரண்டு பனியன், அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் மார்புக்கும் முதுகுக்கும் பழைய செய்தித்தாள், அதன் மேல் ஜாக்கெட். காலுறைக்கு மேல் பிளாஸ்டிக் பை. இத்தனையும் மாட்டியபின் குனிய முடியாது. ஷூ கயிற்றை அவள்தான் கட்டிவிட வேண்டும். ஒரு ஃப்ரிட்ஜை இரண்டு பேர் சேர்ந்து இப்பக்கம் ஒரு அடி, அப்பக்கம் ஒரு அடி என்று நகர்த்திக்கொண்டு போவார்களே, அப்படித்தான் வாசலுக்கு நடப்பார். நடக்க நடக்க உள்ளே செய்தித்தாள் சரசரக்கும்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் பேக்கரிக்காரர். விடியுமுன் எழுந்து பழகியவர் அவர் ஒருவர்தான் என்பதால் அந்தப் பதவி. சாலை பிரிகிற இடம் வந்தால், பேக்கரிக்காரருக்கு அடுத்து வருகிறவர் அங்கே வண்டியை நிறுத்தி இறங்கி, போகவேண்டிய பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பின்னால் வருகிறவர்கள் அவரைப் பார்த்துத் திரும்பிப் போவார்கள். எல்லோருக்கும் கடைசியில், வெளிச்சம் பட்டால் மின்னுகிற மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் வருவார். அவர் வந்துவிட்டால் இனிமேல் பின்னால் யாரும் இல்லை என்று அர்த்தம். அப்போதுதான் முனையில் நிற்கிறவர் வண்டியை எடுக்கலாம். மஞ்சள் சட்டை வராமல் முனையை விடக் கூடாது. யாரையும் வழியில் தொலைக்காமல் இருக்க இந்த ஏற்பாடு.

மஞ்சள் சட்டைக்காரன் வேறு யாருமில்லை, அவருடைய மச்சினன். அவர் மனைவியின் தம்பி. டயர் கடை வைத்திருக்கிறான். சுவிட்சைப் போட்டால் கைப்பிடி சூடாகிற வண்டி வைத்திருக்கிறான். கடைசியில் வருவது பொறுப்பான வேலை என்பதைவிட, போட்டோவில் மஞ்சள் பளிச்சென்று விழும் என்பதில் அவனுக்கு ஆசை அதிகம். தாய் முகம் அறியாத பிள்ளை. அக்கா இடுப்பிலேயே வளர்ந்தவன். இன்றைக்கும் அந்தச் சட்டையை ஒவ்வொரு வருஷமும் அக்காதான் துவைத்து இஸ்திரி போட்டு வைப்பாள். அதற்கு எதற்கு இஸ்திரி என்று கேட்டால், "என் தம்பி கசங்கின சட்டையோட போகமாட்டான்" என்பாள்.

போன வருஷம் மலையடிவாரத்து முனையில் இவர் முறை வந்தது. இடப்பக்கம் ஏரி, வலப்பக்கம் கல்குவாரி. முனையில் பச்சைக் கேட் போட்ட வீடு. இவர் வண்டியை நிறுத்தி இடக்கையை நீட்டினார். வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன, தலையசைத்தன, மலையேறின. சத்தமெல்லாம் மேலே போய் அடங்கியது. மஞ்சள் சட்டை வரவில்லை.

நின்றார். மீசையில் பனி பிடித்தது. போனை எடுத்துப் பார்த்தார், குளிரில் அது செத்துக் கிடந்தது. நின்றார். ஏரிக்குப் போய்ச் சேர்ந்த கூட்டம் என்ன செய்தது தெரியுமா? வண்டி மக்கர் பண்ணுகிறது, திரும்பிவிட்டேன் என்று மச்சினன் பேக்கரிக்காரருக்குப் போன் பண்ணியிருந்தான். ஃப்ரிட்ஜ்காரரையும் காணோம் என்றதும், "மாமனும் மச்சானும் சேர்ந்தே வீட்டுக்குப் போயிருப்பாங்க. குடும்பம்னா அப்படித்தான்" என்று பேக்கரிக்காரர் தீர்ப்பு எழுதிவிட்டார். எல்லோரும் ஏரியைச் சுற்றி மறுபக்கச் சாலை வழியாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

சாயங்காலம் மிஞ்சின ரொட்டியைக் கொடுக்க பேக்கரிக்காரர் வந்தபோதுதான், இவர் வீடு திரும்பவே இல்லை என்று தெரிந்தது. அலறியடித்துக்கொண்டு மலையடிவாரத்துக்கு ஓடினார். அங்கே பச்சைக் கேட் முன்னால், பூப்போட்ட போர்வை போர்த்திக்கொண்டு, இடக்கையை மட்டும் வெளியே நீட்டியபடி ஃப்ரிட்ஜ்காரர் நின்றுகொண்டிருந்தார்.

பேக்கரிக்காரரைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "மஞ்சச் சட்டை இன்னும் வரலையே?"

இதை வைத்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அன்று ராத்திரியே கூட்டத்தில் பாதிப் பேர் அவர் வீட்டு முன்னறையில் கூடிவிட்டார்கள். அவரைக் கம்பளியில் சுற்றி உட்கார வைத்திருந்தார்கள். அவள் சுடுதண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். "ஏம்ப்பா, நீ அவரைத் தாண்டித்தானே போயிருக்கணும்?" என்று பேக்கரிக்காரர் மச்சினனைக் கேட்டார். அவன் அக்காவைப் பார்த்தான். அப்புறம் சொன்னான்.

"தாண்டித்தான் போனேன். கையெல்லாம் காட்டினேன். மாமாதான் கவனிக்கலை. அந்த வீட்டு கேட்ல ஒரு லேடிகூடப் பேசிட்டிருந்தார். மலை ஏறறப்பதான் வண்டி மக்கர் பண்ணுச்சு. சுத்துவழியா இறங்கிட்டேன்."

எல்லோரும் ஃப்ரிட்ஜ்காரரைப் பார்த்தார்கள். அவர் மச்சினனைப் பார்த்தார். அடுப்பங்கரை வாசலில் கரித்துணியோடு நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் என்ன இருந்ததோ.

"இருக்கும்" என்றார். "ஹெல்மெட் கண்ணாடியில ஆவி படிஞ்சிருந்துச்சு. பார்த்திருக்க மாட்டேன்."

அந்த ஒரு வார்த்தையில் தம்பி தப்பித்தான், இவர் மாட்டிக்கொண்டார். கண் தெரியாதவரை முனையில் நிறுத்தக் கூடாது என்று கூட்டத்தில் முடிவாயிற்று. "அடுத்த வருஷம் நீங்க நடுவுல வாங்க, போதும்" என்று பேக்கரிக்காரர் பக்குவமாகத்தான் சொன்னார். எப்படிச் சொன்னால் என்ன? அந்த லேடி பேச்சு மட்டும் மாடிப்படியில் ஏறியது, இறங்கியது, தெருவுக்குப் போனது, தெரு முனையில் கைகால் முளைத்துத் திரும்பி வந்தது.

பேச்சைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். வேலையில் கை வைத்தார்கள், அதுதான் அவரைத் தாக்கியது. ரிப்பேர் முடிந்து அவர் டம்ளர் கேட்டால், "வேண்டாங்க, குளிர் ஏறினா நாங்களே பார்த்துக்கறோம். நீங்க கிளம்புங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டில் அவர் ஸ்டூலை இழுத்ததும், அந்த வீட்டு ஆண்பிள்ளை ஆபீசுக்கு லேட்டானாலும் பரவாயில்லை என்று கூடவே நின்றானாம். பனியாடை படருமுன்பே எழுந்து வருவது அவருக்குச் சாப்பாட்டில் பாதியில் எழுந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் டிவி முன்னால் உட்காருவார். அவள் கைகளைச் சால்வைக்குள் விட்டுக்கொண்டு சோபாவின் மறுகோடியில் இருப்பாள். அவர் தம் இரண்டு கையையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொள்வார். குறுக்கே அந்த ஃப்ரிட்ஜ்தான் உறுமும்.

அவள் அவரை நம்பவில்லை என்று சொல்லமுடியாது. தம்பியையும் நம்பாமலிருக்க அவளால் முடியவில்லை. அவ்வளவுதான் அவள் கஷ்டம். ஊரார் துணியெல்லாம் துவைத்துத் தேய்க்கிறவள், அந்தப் போர்வையை மட்டும் மாதக்கணக்கில் தொடவே இல்லை.

வெயில் திரும்பிய ஒரு நாள் அதை எடுத்தாள். ஊறவைத்தாள், துவைத்தாள், கடையில் கொண்டுபோய் மூலைக்கு மூலை இழுத்து இஸ்திரி போட்டாள். பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாள்.

பச்சைக் கேட்டைத் திறந்த பெண்மணிக்கு அவள் வயதுதான் இருக்கும். பாட்டு டீச்சராம். தலையில் பாதிக்கு மை பூசியிருந்தது, மறுபாதி வெள்ளையாக இருந்தது. கையில் பிரஷ். பையிலிருந்து போர்வையை எடுத்ததும் டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது.

"அந்த மனுஷனோட வீட்டுக்காரம்மாவா? உள்ளே வாங்க, வாங்க. மஞ்சச் சட்டைக்காரன் வந்துட்டானா?"

இவள் போர்வையை நீட்டினாள்.

"இன்னிக்கு வரைக்கும் ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் டீச்சர். "உள்ளே வந்து உக்காருங்கன்னா, உள்ளேயிருந்து ரோடு முழுசாத் தெரியாதுன்னுட்டார். நாற்காலி கொண்டுவந்து போட்டேன். உக்காந்தா பின்னாடி வர்றவனுக்குக் கை தெரியாதாம். சரி, போர்வையாவது போத்திக்குங்கய்யான்னு போத்திவிட்டேன். ஒரே ஒரு தடவைதான் உள்ளே வந்தார், பாத்ரூம் போக. அதுக்கும் என்ன பண்ணினார்ங்கறீங்க? என்னை அந்த முனையில நிறுத்தி, 'அம்மா, கையை இப்படி நீட்டிக்கிட்டு நில்லுங்க. மஞ்சச் சட்டை வந்தா ஒரு சத்தம் குடுங்க'ன்னுட்டுப் போனார். நைட்டியோட, மேல ஸ்வெட்டரோட நின்னேன். பால்காரன் பார்த்துட்டு, டீச்சருக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டான்."

இவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டு கேட்டாள். "நீங்க ரெண்டு பேரும் பேசிட்டிருந்தப்ப, கவனிக்காம விட்டிருப்பீங்களோ?"

"எங்கேங்க பேச விட்டார்? நான் ஏதாவது கேட்டா ரோட்டைப் பார்த்துக்கிட்டே பதில் சொல்வார். மஞ்சள்னு ஒரு வாழைப்பழத் தோல்கூட அன்னிக்கு இந்தப் பக்கம் போகலை." டீச்சர் பிரஷ்ஷை ஆட்டினாள். "ஒண்ணு மட்டும் குறை. பாத்ரூம் போறப்ப எங்க ஃப்ரிட்ஜ் சத்தம் அவர் காதுல விழுந்துடுச்சு. கம்ப்ரஸர் முனகுது, ஒரு நாள் வந்து பார்க்கறேன்னார். வரவே இல்லை. அப்படிச் சொல்லிட்டு வராம இருக்கற ஆள் மாதிரி தெரியலையே அவர்."

திரும்பும்போது பஸ்ஸில், காலிப் பையை மடியில் வைத்து மடிப்பைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

அன்று மாலை சாப்பாடு முடிந்தது. டிவி ஓடியது. "என்னங்க" என்றாள்.

"ம்."

"அந்தப் பாட்டு டீச்சர் வீட்டு ஃப்ரிட்ஜ் முனகுதாம். நாளைக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க."

அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அலமாரி மேல் இடம் காலியாக இருப்பதை அவர் வீட்டுக்குள் வந்த உடனேயே பார்த்திருந்தார்.

"பாதியில எழுந்து வராதீங்க. குளிர் ஏறுற வரைக்கும் உக்காந்து பார்த்துட்டு வாங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சால்வைக்குள்ளிருந்து கையை எடுத்து அவர் மடியில் போட்டாள். "அடுப்பு இந்தாங்க."

தம்பியிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் வந்தால் டீ கொடுத்தாள். ஆனால் "சாப்பிட்டியாடா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். வெளியாருக்கு இது ஒன்றுமே இல்லை. அவனோ டீயைப் பாதி டம்ளரோடு வைத்துவிட்டு எழுந்துவிடுவான். டயர் கடையில் இருக்கும்போது அக்கா எதற்காகவோ கூப்பிட்டாளா என்று போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டான்.

இந்த வருஷமும் அந்த ஞாயிறு வந்தது. ஜன்னல் கண்ணாடியில் பனி வெள்ளையாகப் பூத்திருந்தது. கீழே தெருவில் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து உறுமிக்கொண்டு நின்றன. பேக்கரிக்காரரின் ஹாரன் கேட்டது. ஃப்ரிட்ஜ்காரர் பனியன், ஸ்வெட்டர், செய்தித்தாள், ஜாக்கெட் எல்லாம் ஏற்றிக்கொண்டு, நடுவில் போகிறவருக்கு இவ்வளவு போதும் என்கிற முகத்தோடு நின்றார். அவள் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். தம்பி வாசலில் ஷூவைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்தபடி உள்ளே வந்தான்.

"அக்கா, சட்டை?"

இஸ்திரி மேஜை மேல் மஞ்சள் சட்டை மடித்து வைத்திருந்தது. சூடு இன்னும் ஆறவில்லை. அவள் அதை எடுத்து உதறினாள். தம்பி கையை நீட்டினான். நீட்டின கையைத் தாண்டிப் போய்ப் புருஷன் முன்னால் நின்றாள்.

"கையைத் தூக்குங்க."

"இது மாப்ளையோடதும்மா."

"தூக்குங்கன்னேன்."

அத்தனை துணிக்குள்ளிருந்து கை எங்கே தூக்க வரும்? பாதி உயரந்தான் வந்தது. ஒரு கையை இழுத்து நுழைத்து, சுற்றிப் போய் மறுகையை நுழைத்து, முன்பக்கம் இழுத்துப் பொருத்தினாள். மஞ்சள் சட்டை அவர் மேல் பானைக்கு உறை போட்ட மாதிரி விம்மிக்கொண்டு நின்றது. அதன் சூடு அவர் கழுத்தில் பட்டது. அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"பேக்கரிக்காரர் என்ன சொல்வாரோ..." என்றான் தம்பி, தரையைப் பார்த்து.

"அவருகிட்ட நீயே சொல்லு. என்ன சொல்லணுமோ அதைச் சொல்லு."

 கீழே ஹாரன் மறுபடி அடித்தது. ஃப்ரிட்ஜ் உறுமி நின்றது.

"பாதி வழியிலேயே திரும்பிட்டேன்க்கா" என்றான். "சூடு சுவிட்ச் வேலை செய்யலை. கை மரத்துப் போச்சு. மாமாவுக்குக் கூட்டத்துல யாராவது சொல்லிடுவாங்கன்னு நினைச்சேன்."

"இதை மாடியில வந்து சொல்லிட்டே. அப்படியே கீழேயும் போய்ச் சொல்லிடு." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "சாப்பிட்டியாடா?"

அவன் தலையை ஆட்டினான். ஆமாவா இல்லையா என்று தெரியவில்லை. அவள் பேக்கரி ரொட்டி ஒன்றை எடுத்து அவன் ஜாக்கெட் பையில் திணித்தாள்.

ஃப்ரிட்ஜ்காரர் இப்பக்கம் ஒரு அடி, அப்பக்கம் ஒரு அடி வைத்துச் சரசரவென்று வாசலுக்கு நகர்ந்தார். கதவைத் திறந்தார். மாடிப்படியில் மாடிவீட்டம்மா குப்பைக்கூடையோடு, கொட்ட மறந்து நின்றுகொண்டிருந்தாள். அவர் வெளியே போகவில்லை. கதவோடு ஒட்டி முதுகைச் சாய்த்து வழி விட்டார். இடக்கையைப் படிக்கட்டுப் பக்கம் நீட்டினார்.

"நீ முன்னாடி போ மாப்ளே."

தம்பி குனிந்தபடி அவரைத் தாண்டிப் படியிறங்கினான். அவன் கடைசிப் படி இறங்கித் தெருக்கதவைத் திறக்கும் சத்தம் கேட்கும்வரை அந்தக் கை அப்படியே நீண்டிருந்தது. பிறகு கையை இறக்கிக்கொண்டு, வாசலைத் தாண்டிக் காலை வெளியே வைத்தார்.